தரங்கம்பாடி: கடல் அரித்த கோயிலும் கடலை நம்பிய கோட்டையும்

மயிலாடுதுறை மாவட்டக் கடலோரத்தில், பூம்புகாருக்கும் காரைக்காலுக்கும் இடையில் அமைந்துள்ள தரங்கம்பாடி, விடுமுறை நாள்களில் கடற்கரைக்கு வருவோரால் பெரும்பாலும் டேனியக் கோட்டையைக் கொண்டே அறியப்படுகிறது. கோட்டையைச் சுற்றிப் பார்த்து, அலையில் கால் நனைத்துத் திரும்புவோரில் பலர், அதே கரையின் விளிம்பில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலின் பக்கம் செல்வதில்லை. ஆயினும் இவ்வூரின் வரலாற்றை அக்கோயிலிலிருந்து தொடங்குவதே முறையாகும். டேனியர் வந்து சேர்வதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே இங்கு ஒரு துறைமுகப்பட்டினம் இருந்ததற்கு அதுவே கண்ணெதிரே நிற்கும் சான்று.

மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆட்சிக்காலத்தில், 1306ஆம் ஆண்டளவில் எழுந்த இக்கோயிலின் கல்வெட்டு, ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிப்பிடுகிறது. கட்டப்பட்ட காலத்தில் கோயிலுக்கும் நீருக்கும் இடையே போதிய நிலம் இருந்திருக்க வேண்டும். பின்வந்த நூற்றாண்டுகளில் கடல் கரையை அரித்து உள்ளே புகுந்தபோது, கிழக்கு நோக்கிய முன்பகுதி சிறிது சிறிதாக இடிந்து அலைகளுக்கு இரையாயிற்று. அண்மைக் காலத்தில் திருப்பணி செய்யப்பட்டு, கடலோரத்தில் பாறைகள் கொட்டி அரண் அமைக்கப்பட்டிருந்தாலும், இழந்த பகுதி எவ்வளவு என்பதைக் கோயில் இன்று கரையை ஒட்டி நிற்கும் நிலையே உணர்த்துகிறது. கடலரிப்பு என்னும் சொல்லின் முழுப்பொருளை அறிய விரும்புவோர்க்கு இதைவிடத் தெளிவான பாடம் சோழமண்டலக் கரையில் அரிது.

டேனியரின் வருகை திட்டமிட்டபடி நிகழ்ந்த ஒன்றன்று. மிளகு வணிகத்தை நாடி அவர்கள் முதலில் குறிவைத்தது இலங்கையை. முன்னோடியாக வந்த ரோலண்ட் கிராப்பேயின் கப்பல் போர்த்துகீசியரால் தாக்கப்பட, அவர் தப்பித் தஞ்சை நாயக்கரின் அரசவையை அடைந்தார். அதன் தொடர்ச்சியாக, 1620 நவம்பரில், இரகுநாத நாயக்கருக்கும் டேனியத் தளபதி ஓவே கெத்தேவுக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டு, கோட்டை கட்டிக்கொள்ளவும் வணிகம் செய்யவும் உரிமை வழங்கப்பட்டது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் எழுதியனுப்பிய கடிதம் அந்நாட்டின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் பேணப்படுகிறது.

டேன்ஸ்போர்க் என்று பெயர் பெற்ற இக்கோட்டையைப் போர் அரணாக மட்டும் எண்ணிப் பார்த்தால் அதன் அமைப்புப் புலப்படாது. சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் நெருங்கி நிற்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து விலகிக் கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கை ஏற்றியிறக்கின. அலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுப்பது அந்தத் தையலின் சிறப்பு. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கப்பல்கள் இக்கரையை விட்டு விலக வேண்டியிருந்தமையால், துணிமூட்டைகளைத் திரட்டிச் சேமித்து வைக்கும் கிடங்கு இன்றியமையாததாயிற்று. கோட்டையின் கீழ்த்தளத்தில் வளைவுக் கூரையோடு அமைந்த தடித்த சுவர் அறைகள் பண்டசாலையாகவும் சிறையாகவும் பயன்பட, மேல்தளம் ஆளுநரின் உறைவிடமாகவும், 1701இல் சீயோன் ஆலயம் எழும்வரை வழிபாட்டிடமாகவும் விளங்கியது. இழுவைப் பாலத்தால் கடக்கப்பட்ட அகழி தூர்ந்து மறைந்துவிட்டது. அலைகளின் மேல் படகு செலுத்தத் தெரிந்த இம்மண்ணின் மக்கள் இல்லாமல் இவ்வணிகம் ஒருநாளும் நடந்திருக்காது என்பதைக் கோட்டையைப் பற்றி எழுதுவோர் போதிய அளவு சொல்வதில்லை.

1706இல் வந்திறங்கிய கிறித்தவ மறைப்பணியாளர் பர்த்தலோமேயு சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது பலரும் அறிந்த செய்தி. 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் அவருடைய கல்லறை உள்ளது. 1792இல் எழுப்பப்பட்ட நகரவாயிலைக் கடந்து கடலை நோக்கி நீளும் பழைய தெருவில் நடப்போர், சீயோன், புதிய எருசலேம் ஆலயங்கள் இரண்டையும் பார்த்தவாறே கோட்டையை அடையலாம்.

1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. பின்னர் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்ததும் வணிகம் அங்கே நகர்ந்தது. கோட்டை பயணியர் விடுதியாக இருந்து, பின்னர் தமிழக அரசின் தொல்லியல் அருங்காட்சியகமாயிற்று. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இங்குள்ள மீனவர் குடியிருப்பில் பேரிழப்பை ஏற்படுத்தியது. நினைவுச்சின்னங்களைப் பேணுவதில் காட்டப்படும் அக்கறை, அதே கரையில் அதே கடலை நம்பி வாழ்வோரின் வீடுகளுக்கும் படகுகளுக்கும் கிடைக்க வேண்டும். கடலரிப்பைத் தடுக்கும் எந்தத் திட்டமும் கோயிலையும் கோட்டையையும் மீனவர் குப்பத்தையும் ஒரே கரையாகக் கணக்கில் கொண்டு வகுக்கப்படுவதே பொருத்தமாகும்.