கோடிட்ட இடம் கேட்காத கேள்வி

ஆங்கிலத்தின் 'இஃப்' வாக்கியங்களைப் பழக்கும் முறை நம் பள்ளிகளில் பெரும்பாலும் ஒன்றுதான். கரும்பலகையில் மூன்று கட்டம்: டைப் ஒன், டைப் டூ, டைப் த்ரீ. ஒரு பாதியில் 'வில்' இருந்தால் மறுபாதியில் நிகழ்காலம்; 'வுட்' இருந்தால் இறந்தகாலம்; 'வுட் ஹேவ்' இருந்தால் 'ஹேட்'. பிறகு கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். 'இஃப் இட் ____, த மேட்ச் வில் பி கேன்சல்டு' என்பது கேள்வி. மாணவரின் கண் நேராக 'வில்'லுக்குப் போகிறது, கை 'ரெயின்ஸ்' என்று எழுதிவிடுகிறது, மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. மழை வரும்போல இருக்கிறதா, வெயில் கொளுத்துகிறதா என்று அவர் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தப் பயிற்சி சுலபமாக இருப்பதில் எனக்குக் குறையில்லை. நிபந்தனை வாக்கியத்தில் பேசுகிறவர் எடுக்க வேண்டிய ஒரே முடிவை வினாத்தாளே எடுத்துக்கொடுத்துவிடுகிறது என்பதுதான் குறை.

அது என்ன முடிவு? பொறியியல் கலந்தாய்வை எடுத்துக்கொள்ளலாம். பிளஸ் டூ ரிசல்ட் வராத நேரத்தில் ஒரு மாணவி, 200க்கு 195 கட்டாஃப் வந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பேன் என்கிறாள். ஆங்கிலத்தில் 'இஃப் ஐ கெட் 195, ஐ வில் டேக் சி.எஸ்.' ரிசல்ட் வந்து 170 என்று தெரிந்தபின் அவளே சொன்னால், 'இஃப் ஐ ஹேட் காட் 195, ஐ வுட் ஹேவ் டேக்கன் சி.எஸ்.' இவ்வளவு வரை கட்டங்கள் உதவும். ஆனால் ரிசல்ட்டுக்கு முன்பே, கெமிஸ்ட்ரி தேர்வில் கோட்டைவிட்ட கவலையில், 'இஃப் ஐ காட் 195, ஐ வுட் டேக் சி.எஸ்.' என்று அவள் சொல்லியிருக்கலாம். நாளும் அதே, தேர்வும் அதே. மாறியது அவளுடைய நம்பிக்கை மட்டும். 'கெட்' என்றால் நடக்கலாம் என்று நினைக்கிறாள். 'காட்' என்றால் நடக்காது என்று பாதி முடிவே செய்துவிட்டாள். இரண்டும் சரியான ஆங்கிலம். ஒரே விடையை எதிர்பார்க்கும் கோட்டுக்குள் இந்த வித்தியாசத்தை வைக்கவே முடியாது.

தமிழ் மாணவருக்கு எது கடினம், எது கடினமில்லை என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மூன்றாவது வகை பார்க்கத்தான் பயமுறுத்தும். 'வந்திருந்தால் பார்த்திருப்பேன்' என்று தமிழில் நாள்தோறும் சொல்கிறோம். 'ஹேட்', 'வுட் ஹேவ்' இரண்டும் செய்யும் வேலை அங்கே ஏற்கெனவே நடக்கிறது. சிக்கல் இரண்டாம் வகையில்தான். 'கையில் பணம் இருந்தால் தருவேன்', 'எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன்' இரண்டிலும் 'இருந்தால்' ஒன்றுதான். பணம் இருக்கக்கூடியது, சிறகு இருக்க முடியாதது என்பதைக் கேட்பவர் உலக அறிவால் புரிந்துகொள்கிறார். அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'மட்டும்', 'ஒருவேளை' என்று ஏதாவது சேர்த்துக்கொள்வோம். ஆங்கிலம் அதை வினையிலேயே கேட்கிறது. ஆகவே பயிற்சி நேரத்தை மூன்று வகைக்கும் சமமாகப் பங்கிடுவதில் அர்த்தமில்லை. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். நடக்காததைச் சொல்ல எதற்கு இறந்தகாலம் என்று குழம்பும் பிள்ளைக்கும் தாய்மொழியிலேயே பதில் உண்டு. வந்தான், வந்தால், சொன்னான், சொன்னால். 'நாளைக்கு வந்தால்' என்கிறோமே, நாளைக்கு எப்படி 'வந்த்' என்று யாரும் கேட்பதில்லை.

ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், பொதுத்தேர்வு நெருங்கும்போது நம்பிக்கை, அவநம்பிக்கை என்று பேச ஆசிரியருக்கு நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்று கட்டமும் ஒரு தொடக்கப் பிடிமானம்தான். 'இஃப் ஐ வில் கெட்' என்று எழுதும் கையை அது திருத்தும். அதை அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் கட்டத்தையே மொழி என்று நம்பிய மாணவர் வெளியே வந்ததும் தடுமாறுவார். 'இஃப் ஹி செட் தட், ஹி லைட்' என்பது நிஜமாகவே நடந்துபோனதைப் பற்றியது, இரண்டு பக்கமும் வெறும் இறந்தகாலம்; எந்த டைப்பிலும் சேராது. நேற்று மருந்து சாப்பிட்டிருந்தால் இன்று காய்ச்சல் இருக்காது என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் ஒரு பாதி மூன்றாம் வகை, மறுபாதி இரண்டாம் வகை. 'இஃப் யூ வில் வெயிட் ஹியர்' என்று வரவேற்பறையில் பணிவாகச் சொல்லும் 'வில்', 'இஃப்' பக்கம் 'வில்' கூடாது என்ற சட்டத்தையே மீறுகிறது. ஆங்கிலேயரே 'இஃப் ஐ வாஸ்' என்று பேசுகிறார்களே, இவ்வளவு நுட்பம் எதற்கு என்பவர்களும் உண்டு. அப்படிப் பேசுகிற ஆங்கிலேயர் 'ஐ வேர்' என்பதைத்தான் கைவிட்டார்கள், இறந்தகாலத்தைக் கைவிடவில்லை. 'ஐ ஆம்' என்பதற்கும் 'ஐ வாஸ்' என்பதற்கும் உள்ள தூரம் அப்படியேதான் இருக்கிறது.

திருத்துவதுதான் பெரிய சிக்கல் என்று சொல்லப்படுகிறது: இரண்டு விடையும் சரியென்றால் எதற்கு மதிப்பெண் போடுவது? சூழலை இரண்டு வரியில் கொடுத்து, வாக்கியத்தை முழுதாக எழுதச் சொல்லி, பேசுகிறவர் அது நடக்கும் என்று நினைக்கிறாரா என்று ஒரு வரி கேட்டால் போதும். வாக்கியமும் அந்த வரியும் ஒத்துப்போனால் மதிப்பெண். பதில் தமிழில் இருந்தாலும் ஏற்கலாம். கோடிட்ட இடத்தைவிட ஒவ்வொரு விடைத்தாளுக்கும் சற்று அதிக நேரம் பிடிக்கும், அவ்வளவே. பொதுத்தேர்வில் இதற்கு இடமில்லை என்றாலும் வகுப்புத் தேர்வுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.