"ஊசியெல்லாம் போட்டாச்சு சார்"

திருச்சியில் ஒருவரிடம் லாப்ரடார் குட்டி வாங்கினோம். ஸ்ரீரங்கம் வந்த மறுநாளே வாந்தி, அப்புறம் ரத்தமாகக் கழிச்சல். பார்வோ வைரஸ் என்றார் மருத்துவர்.

விற்றவருக்கு போன் போட்டால், "காவிரித் தண்ணி சேரலை போல சார்" என்கிறார். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம் என்று இருக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது! பார்வோ தொற்றி அறிகுறி தெரியவே பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். குட்டி அங்கேயே வாங்கிக்கொண்ட நோய்தான் இது. அவர் தந்த தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் இல்லை, மருத்துவர் கையெழுத்தும் இல்லை. தாய் நாயையும் கண்ணில் காட்டவில்லை.

2017-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. பதிவு எண்ணைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

பார்வோவைக் கொல்ல நேரடி மருந்து கிடையாது. டிரிப்ஸ், வாந்தி நிற்க ஊசி, மற்றபடி குட்டியின் தெம்புதான். எங்களுடையது பிழைத்துக்கொண்டது, இன்று தயிர்சாதம் கேட்டுக் குரைக்கிறது.

இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலுக்கு அசையாது. ப்ளீச்சிங் கரைசலில் கழுவிக்கொண்டிருக்கிறோம். தெருவில் புதிதாகக் குட்டி வாங்கியவர்கள், ஊசிகள் முழுதாக முடியும்வரை எங்கள் வாசல் பக்கம் அழைத்து வரவேண்டாம்.