சாஆவில் ஒரு குடம் வேப்பிலைத் தண்ணீர்

யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பழைய ஒன்றாம் எண் சாலையில் லாபிஸ் பக்கம் திரும்பினால் இருபுறமும் செம்பனைதான். நான் பையனாக இருந்தபோது பல இடங்களில் பால் மரம் நின்றது. அரை மணி நேரத்தில் சாஆ வந்துவிடும். சிகாமட் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். பெக்கோக் வழியாக எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகிறவர்கள் தவிர, வெளியாட்கள் இங்கே வண்டியை நிறுத்துவது குறைவு.

பக்கத்து இருக்கையில் என் அக்காள் மகன். வயது 29. ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை. அங்கே நிரந்தரவாசமும் வாங்கிவிட்டான். போன வருடம் அப்பா இறந்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்.

"மாத்திரை தூங்க வைக்குது மாமா. ஆனா உள்ள ஒண்ணும் நகரல."

அவன் கைப்பேசியில் பெரு நாட்டுக் காடு. அயவாஸ்கா என்ற கஷாயம் குடிக்கும் சடங்குக்கு ஒரு வாரம் தங்கல். கட்டணம், பயணம் எல்லாம் சேர்த்தால் அவனுடைய மூன்று மாதச் சம்பளம். ஒரு காட்டுக் கொடியையும் ஒரு செடியின் இலையையும் சேர்த்துக் காய்ச்சுவது அது. அமேசான் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்துகிறார்கள். பெரு அரசு 2008-ல் அந்த மரபைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அதை ஏளனம் செய்ய எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. என்னைக் கலங்க வைத்தது வேறு. அந்தக் கொடி உடம்பிலுள்ள ஒரு நொதியைத் தடுத்து வைக்கும். சில மனச்சோர்வு மாத்திரைகளோடு அது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டுப் போக நினைத்திருக்கிறான். அந்த இலையில் உள்ள பொருள் நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்டது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் சட்டம் விடாது.

சொன்னேன். "தெரியும்" என்றான். தெரிந்தவன் முகமாக இல்லை.

சண்டை போட்டுப் பயனில்லை. ஆடி வெள்ளி, பாட்டியைப் பார்க்கலாம் வா என்று அழைத்து வந்தேன்.

எனக்கு ஒன்பது வயதில், 1979-ல், சாஆ பக்கத்துத் தோட்டத்து லயத்தில் அம்மை போட்டது. வாசலில் வேப்பிலைக் கொத்து செருகினார்கள். வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார்கள். வீட்டில் தாளிப்பு இல்லை, மீன் இல்லை. யாரும் உள்ளே வர மாட்டார்கள். வாசலோடு இளநீரை வைத்துவிட்டு, "போயிட்டு வரேன்" என்றுகூடச் சொல்லாமல் போய்விடுவார்கள். அரிப்பெடுத்தால் நகம் படக்கூடாது, வேப்பிலையால் தடவிக்கொள்ள வேண்டும். ஏழாம் நாள், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்கள். அந்தப் பச்சைக் கசப்பு வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. வாரம் முழுக்க இரவில் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெளுப்பிலேயே பால் வெட்டப் போகிறவர் எப்போது தூங்கினார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

சின்னம்மை தானாகவே இறங்கும் நோய். வேப்பிலை அதை விரட்டவில்லை. நோயாளியைத் தனியே வைத்ததும் புண்ணைச் சீழ் பிடிக்காமல் காத்ததும் பெரிய வேலை. பெரியம்மை வேறு விஷயம். அது உலகில் ஒழிந்ததென்று 1980-ல் அறிவிக்கப்பட்டதற்குக் காரணம் தடுப்பூசி. பெரியம்மைக் காலத்தில் ஊசிக்குப் பயந்து அம்மனை மட்டும் நம்பிய வீடுகளும் உண்டு.

வேம்பும் சாது இல்லை. மலாய்க்காரர்கள் செமாம்பு என்று சொல்லும் அதே மரம்தான். கைக்குழந்தைகளுக்கு நம் வீடுகளில் புகட்டிய வேப்பெண்ணெய், வாந்தி, மயக்கம், மூளைப் பாதிப்பு வரை கொண்டுபோனதை மலாயா பல்கலைக்கழக மருத்துவர்கள் 1981-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அம்மாவும் எங்களுக்குப் புகட்டியவர்தான். பிறகு தோட்டத்துக்கு வந்த தாதி ஒருவர் திட்டியதும் பாட்டிலைத் தூக்கி எறிந்தார். ஆனால் வேப்பமரத்தடிக்கு விளக்கு வைப்பதை நிறுத்தவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவருக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

கோயிலில் கூழ் ஊற்றி முடித்திருந்தார்கள். தகரக் கொட்டகையாக இருந்தது இப்போது கோபுரம் வைத்த கோயில். லயத்துச் சனம் தாமான்களுக்குப் போய்விட்டாலும் ஆடிக்கு வந்துவிடுகிறது. பூசாரி வேப்பிலைக் கொத்தை எடுத்து இவன் தலையிலிருந்து கால் வரை மூன்று முறை இறக்கினார். திருநீறு பூசிவிட்டுக் கேட்டார்:

"மாத்திர ஏதும் சாப்பிடுறியாப்பா?"

"ஆமாங்க."

"அத விட்டுறாத. இது வேற, அது வேற."

நான் சொல்லிக்கொடுத்தேன் என்று அவன் என்னைத் திரும்பி முறைத்தான். சத்தியமாக இல்லை.

வீட்டின் பின்பக்கம் அம்மா காலையிலேயே குடத்தை வெயிலில் வைத்திருந்தார். 81 வயது, இடுப்பு வளைந்துவிட்டது. பேரனைப் பலகையில் உட்கார வைத்து, "உங்கப்பனுக்கு ஊத்தணும்னு நெனச்சேன், ஆஸ்பத்திரிலயே போயிட்டான்" என்றார். அவ்வளவுதான், மந்திரம் எதுவும் இல்லை. முதல் செம்பு விழுந்ததும் அவன் தோள் குலுங்கியது. குளிர் என்று நினைத்தேன். அம்மா செம்பை வைத்துவிட்டு, ஈரத்தோடு அவன் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அப்பாவின் பதினாறாம் நாளில்கூட அழாதவன். நான் கோழிகளைப் பார்ப்பதுபோல் வேலிப் பக்கம் போய்விட்டேன்.

மெக்சிகோவில் மரியா சபினா என்றொரு மூதாட்டி இருந்தார். தன் ஊர் நோயாளிகளுக்காகக் காளான் சடங்கு நடத்தியவர். 1957-ல் 'லைஃப்' இதழில் ஒரு கட்டுரை வந்த பிறகு அனுபவம் தேடி வெளியூர்க் கூட்டம் குவிந்தது. ஊராருக்கு அவர்மேல் கோபம் வந்து, கடைசியில் அவர் வீடே எரிக்கப்பட்டது. அந்த ஊருக்கு அந்தச் சடங்கு என்னவாக இருந்திருக்கும் என்று வேலியோரம் நின்றபோது கொஞ்சம் புரிந்தமாதிரி இருந்தது.

திரும்பும் வழியில் யோங் பெங்கில் தேநீர் குடித்தோம்.

"டிக்கெட்டை ரத்து பண்ணல மாமா."

"சரி."

"மாத்திரைய நிறுத்தல. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட இதையும் சொல்றேன்."

நான் தலையாட்டினேன். அதற்குள் கைப்பேசி அடித்தது. அம்மாதான். நாளை வரைக்கும் தலைக்கு ஷாம்பு போடக்கூடாதாம், பையனிடம் மறக்காமல் சொல்ல வேண்டுமாம். சொல்வதற்குத் திரும்பினேன். வண்டி ஆயர் ஈத்தாம் தாண்டுவதற்குள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். முடியில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது. வானொலியை அணைத்துவிட்டு ஓட்டினேன்.