யாருக்காக இந்தப் பட்டினி?

கி.மு. 518ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சிறு தூதுக்குழு எருசலேம் ஆலயத்துக்கு வந்தது. கொண்டுவந்தது ஒரே ஒரு சந்தேகம். பாபிலோனியப் படைகள் ஆலயத்தைக் கொளுத்தி ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த நினைவாக யூதர்கள் ஆண்டுதோறும் ஐந்தாம் மாதத்தில் அழுது உபவாசம் இருந்தார்கள். இப்போதோ அதே இடத்தில் புதிய ஆலயத்தின் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. இன்னமும் அழ வேண்டுமா, அல்லது போதுமா?

இருக்கலாம், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடிக்கக்கூடிய விஷயம். ஆனால் பதில் சொன்னவர் ஆசாரியர் அல்ல, சகரியா தீர்க்கதரிசி. அவர் கேள்வியைக் கேட்டவர்கள் பக்கமே திருப்பிவிட்டார். இத்தனை வருடம் பட்டினி கிடந்தது உண்மையில் கடவுளுக்காகவா? உண்டு குடித்ததெல்லாம் உங்களுக்காகத்தானே? பிறகு நேர்மையான தீர்ப்பு, இரக்கம் என்று பேசத் தொடங்கினார். விதவை, திக்கற்ற பிள்ளை, பரதேசி, ஏழை ஆகியோரை ஒடுக்காதீர்கள் என்றார். முன்னோர்களிடமும் இதைத்தான் கேட்டார்கள். அவர்கள் காதை அடைத்துக்கொண்டார்கள். நாடு பாழானது.

சகரியாவின் குத்தல் இங்கேதான் இருக்கிறது. ஆலயம் எரிந்ததற்காக அழுதவர்கள், அது ஏன் எரிந்தது என்பதை மறந்துவிட்டார்கள். துக்கம் பழக்கமாகிவிட்டது, துக்கத்துக்கான காரணம் தெருவில் அப்படியே நடமாடிக்கொண்டிருந்தது.

ஏசாயா நூலின் 58ஆம் அதிகாரம் இதையே இன்னும் காரமாகச் சொல்கிறது. உபவாசம் இருந்தும் கடவுள் கவனிக்கவில்லையே என்று மக்கள் குறைப்படுகிறார்கள். பதிலாக வருவது குற்றப்பட்டியல். உபவாச நாளன்றும் கூலியாட்களைக் கசக்கி வேலை வாங்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள், கை ஓங்குகிறார்கள். தலை மட்டும் நாணல்போல் குனிந்திருக்கிறது. முதலாளிக்குப் பட்டினி புண்ணியக் கணக்கு. அவரிடம் வேலை செய்பவனுக்கோ அது இன்னொரு வேலைநாள். தான் சாப்பிடாமல் விட்ட உணவு பசித்தவனைப் போய்ச் சேர்ந்தால்தான் அது நோன்பு என்பது அந்த அதிகாரத்தின் சாரம்.

இதை வைத்துக்கொண்டு விவிலியம் சடங்குகளுக்கே எதிரி என்று முடிவு கட்டிவிட முடியாது. பாவநிவாரண நாளில் தங்களை ஒடுக்கிக்கொள்ள வேண்டும் என்பது லேவியராகமத்தின் கட்டளை. ஆடையை அல்ல, இதயத்தைக் கிழியுங்கள் என்ற பொருளில் பேசிய யோவேலே, அதே மூச்சில் ஊர் முழுவதையும் உபவாசத்துக்கு அழைக்கிறார். நோன்பிருக்கும்போது முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு ஊருக்குக் காட்டாதீர்கள் என்று கண்டித்த இயேசு, நோன்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் பூசிக்கொள்ளச் சொன்னார். வனாந்தரத்தில் நாற்பது நாள் அவரும் பட்டினி இருந்தவர்தான்.

வெறும் உள்ளன்பு போதும், சடங்கு எதற்கு என்பதும் சில சமயம் வசதியான சாக்கு. சடங்குக்கு நாளும் நேரமும் உண்டு; தவறினால் தெரிந்துவிடும். உள்ளன்புக்குச் சாட்சி கிடையாது. அதனால்தான் தீர்க்கதரிசிகள் சாட்சியை வேறிடத்தில் தேடினார்கள். கூலி கொடுபட்டதா, கடன்காரனின் கட்டு அவிழ்ந்ததா, வீடற்றவனுக்குக் கதவு திறந்ததா என்று பார்த்தார்கள். பக்தியை அளக்க அவர்கள் வைத்திருந்த படி இதுதான்.

யூத மரபு இந்தக் கண்டனத்தை ஒளித்துவைக்கவில்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, பஞ்சகால உபவாசத்தின்போது மூப்பர் ஒருவர் நினிவே நகரத்தாரை நினைவூட்ட வேண்டும் என்கிறது. கடவுள் பார்த்தது அவர்களுடைய சாக்குடையையோ பட்டினியையோ அல்ல, அவர்கள் நடத்தை மாறியதை. சக மனிதனுக்குச் செய்த தீங்கை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவாரண நாளும் போக்காது என்பதும் அதே நூலின் தீர்ப்பு.

அந்த யோம் கிப்பூர் நாளின் காலை வழிபாட்டில் இன்றும் வாசிக்கப்படுவது ஏசாயாவின் இந்தப் பகுதிதான். முந்தின மாலையிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் தொழுகைக்கூடத்தில் அமர்ந்து, பட்டினி மட்டும் போதாது என்ற வசையைக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, பொழுது சாயும்வரை நோன்பைத் தொடர்கிறார்கள்.