மூச்சைப் பார்த்துக்கொள்கிறவர்

நாகூரில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் தெருவே கேட்கிற முதல் கேள்வி "டாக்டர் யாரு?" என்பதுதான். நாகப்பட்டினமா, காரைக்காலா, தஞ்சாவூரா என்பது அடுத்தது. எவ்வளவு ஆகும் என்பது மூன்றாவது. "மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் யாரு?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கத்தி வைக்கிறவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் முழுக்க மூச்சைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் நோயாளிக்கே தெரியாது!

அலங்கார வாசல் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயந்திரம் மயக்க மருந்து டாக்டர் வந்து, "வாயை நல்லாத் திறங்க பாய், நாக்கை நீட்டுங்க" என்றார். திறந்தார். மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் இரண்டு விரல்தான் நுழைந்தது.

"வெத்தலை பாக்கு போடுவீங்களா?"

"அதெல்லாம் விட்டாச்சு டாக்டர்."

பக்கத்தில் நின்ற மகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காலை வரை சீவல் பொட்டலம் வாங்கிக் கொடுத்ததே அவன்தான்! உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும், கடை இன்னும் நாலு நாள் பூட்டிக் கிடக்கும் என்பது பெரியவர் கணக்கு.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றலாம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

முழு மயக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடும், நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கும். தசையைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்தால் தானாக மூச்சு விடுவதே நின்றுபோகும். அதனால் காற்றுக்கு ஒரு வழி போட்டாக வேண்டும். வழிகள் முக்கியமாக மூன்று. முகத்தில் அழுத்திப் பிடிக்கிற மாஸ்க். தொண்டைக்குள் போய் குரல்வளை வாசலின் மேல் உட்காரும் லாரிஞ்சியல் மாஸ்க். குரல் நாண்களுக்கு நடுவே நுழைந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் டியூப்.

மூன்றிலும் நன்மை உண்டு, மூன்றிலும் ஆபத்தும் உண்டு. முக மாஸ்க் சுலபம். ஆனால் அடர்ந்த தாடி இருந்தால் காற்று ஓரத்தில் கசியும். லாரிஞ்சியல் மாஸ்கை 1981ல் லண்டனில் ஆர்ச்சி பிரெய்ன் என்ற டாக்டர் உருவாக்கினார், 1988ல் விற்பனைக்கு வந்தது. போடுவது எளிது, குரல் நாண்களுக்கு நடுவே நுழைவதும் இல்லை. ஆனால் வயிற்றில் இருப்பது மேலே வந்தால் அது நுரையீரலுக்குள் போகாமல் முழுசாகத் தடுக்க இதனால் முடியாது. அதற்காகவே பின்னால் வந்த சில வகைகளில் வயிற்றுக்கென்று தனிக் குழாய் வைத்தார்கள்.

டியூப்பின் நுனியில் உள்ள சிறு பலூன் வழியை நன்றாக அடைத்துக்கொள்ளும். ஆனால் நுழைக்கும்போது ஆடுகிற பல் விழலாம். இரண்டு நாள் தொண்டை கரகரக்கும், அபூர்வமாகக் குரல் நாணே காயப்படும். இசைமுரசு ஹனிபாவின் ஊரில் குரலின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாடுகிறவர், பாங்கு சொல்கிறவர், வாத்தியார் என்றால் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

பெரிய ஆபத்து வேறு. மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் அடுத்தடுத்த வாசல்கள். டியூப் வாசல் மாறி இறங்கி, அதைக் கவனிக்காமல் விட்டால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர் தாமதமாகத்தான் காட்டிக்கொடுக்கும். வெளியே வரும் மூச்சில் கரியமிலவாயு இருக்கிறதா என்று பார்க்கும் கேப்னோகிராஃப் சில மூச்சுகளிலேயே சொல்லிவிடும்.

இங்கிலாந்தில் 2005 மார்ச்சில் நடந்தது இது. எலைன் புரோமிலி, வயது 37, சாதாரண சைனஸ் ஆபரேஷன். முதலில் லாரிஞ்சியல் மாஸ்க் உட்காரவில்லை. பிறகு டியூப் போட முயன்றார்கள், முடியவில்லை. அனுபவமுள்ள டாக்டர்கள்தான், ஆனால் டியூப் போடுவதிலேயே மனம் சிக்கிக்கொண்டது. கழுத்தில் துளை போடும் கருவியை ஒரு நர்ஸ் கொண்டுவந்து வைத்தும் யாரும் தொடவில்லை. 13 நாள் கழித்து எலைன் இறந்தார். கணவர் மார்ட்டின் விமான பைலட். யாரையும் திட்டிக்கொண்டு திரியாமல், இப்படி ஒரு நேரத்தில் மனிதர்கள் எப்படித் தடுமாறுகிறார்கள், மற்றவர் வாய் திறந்து சொல்ல என்ன செய்வது என்று டாக்டர்களுக்கு விளக்க 2007ல் ஓர் அமைப்பே தொடங்கினார்.

பயப்பட வேண்டாம், இது அபூர்வம். பிரிட்டனில் 2008 முதல் 2009 வரை ஓராண்டு கணக்கெடுத்து 2011ல் வெளியிட்டார்கள். சுமார் 29 லட்சம் முழு மயக்கங்களில் மூச்சுவழி சம்பந்தமான பெரிய சிக்கல் 133, அதில் மரணம் 16. அதாவது சுமார் 22,000 பேரில் ஒருவருக்குச் சிக்கல். அந்த மரணங்களுக்கு முதல் காரணம் என்ன தெரியுமா? வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போனதுதான்.

ஆக, ஆபத்தில் ஒரு பங்கு நோயாளி சொல்வதிலும் சொல்லாததிலும் இருக்கிறது. "நாக்கை நீட்டுங்க" என்பதும் சும்மா இல்லை. 1985ல் அந்த முறையை எழுதிய சேஷகிரி மல்லம்பட்டி ஆந்திராவிலிருந்து அமெரிக்கா போன டாக்டர். உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து டியூப் போடுவது கஷ்டமா என்று முன்பே ஓரளவு ஊகிக்கலாம் என்றார். நம் காவிரிக்கரையில் இன்னொரு சிக்கல், பாக்கு. வருஷக்கணக்கில் மென்றால் கன்னத்தின் உள்பக்கம் நார் மாதிரி இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும். மயங்கிய பிறகும் அந்த வாய் திறக்காது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. இன்சூரன்ஸ் பாடத்தில் முதலில் வருவதே, தெரிந்த முக்கிய விஷயத்தை மறைக்கக் கூடாது என்பதுதான். அங்கே மறைத்தால் பணம் போகும். இங்கே?

மறுநாள் விடியற்காலை பெரியவர் யாருக்கும் தெரியாமல் ஒரு கிளாஸ் டீ குடித்தார். மகன் பார்த்துவிட்டான். "வாப்பா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

மகனே போய்ச் சொன்னான், சீவல் பொட்டலத்தையும் சேர்த்து. ஆபரேஷன் நின்றது. பால் கலந்த டீக்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் ஒரே சத்தம். "ஒரு டீக்காகவா தள்ளி வைப்பாங்க?"

டீ மட்டும் காரணமில்லை. அந்த வாய்க்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்று, வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே தொண்டையை மரக்கச் செய்து, முழித்திருக்கும்போதே கேமரா வைத்த மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டு, அதன் மேல் டியூப்பை இறக்கி, அப்புறம்தான் மயக்கினார்கள். நாலு நாள் கடை பூட்டிக் கிடந்தது. ஐந்தாம் நாள் பெரியவர் கரகரத்த குரலில் மகனைத் திட்டினார். திட்டக் குரல் இருந்ததே என்று அவன் சிரித்துக்கொண்டான்.

அடுத்த முறை யாராவது ஆபரேஷனுக்குப் போனால், மயக்க மருந்து டாக்டர் யார் என்று கேளுங்கள். பாக்கு, ஆடுகிற பல், குறட்டை, முன்பு மயக்கத்தில் வந்த தொல்லை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லுங்கள். ஓதிய தண்ணீர் ஒரு மிடறு கொடுக்கவும் அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

டிஸ்கி: இது மருத்துவ ஆலோசனை இல்லை. அதை உங்கள் மயக்க மருந்து டாக்டரிடமே கேளுங்கள். இவ்வளவு நேரம் சொன்னதும் அதைத்தான்!