காற்புள்ளிக்காகச் சண்டை போடும் தம்பிக்கு

ராபர்ட்சன்பேட்டை,
கோலார் தங்கவயல்.

அன்புத் தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. சின்னவன் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரிதான் திரும்புகிறான். சுரங்கம் மூடியதிலிருந்து ஊரில் எத்தனையோ பேர் பிழைப்பு அப்படித்தானே ஓடுகிறது. நீயும் நடுராத்திரி வரை புரூப் பார்க்கிறாய் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. வேளைக்குச் சாப்பிடுடா. பசிக்கிற கண்ணுக்குப் பிழை தெரியாது.

ஒரு காற்புள்ளிக்காகப் பத்திரிகை ஆபீஸில் சத்தம் போட்டாயாமே. "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?" என்று மற்றவர்கள் கேட்டது உனக்கு வலித்திருக்கிறது. சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் சத்தம் போட்டால் யார் கேட்பார்கள்? வாக்கியத்தை எடுத்து அவர்கள் முன்னால் வை. நம் ஊரைப் பற்றி நீ அனுப்பிய கட்டுரையிலேயே இருக்கிறதே: 'மூடப்பட்ட சுரங்கத் தொழிலாளர் மருத்துவமனை'. மூடப்பட்டது சுரங்கமா, மருத்துவமனையா? 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடியதும், அதன்பின் ஆஸ்பத்திரி பாழாய்க் கிடந்ததும், கொரோனா வந்தபோது அதைத் தூசி தட்டித் திறந்ததும் நமக்குத் தெரியும். மதுரையில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியைச் சொல்வதென்றால் 'மூடப்பட்ட' என்பதற்குப் பின் காற்புள்ளி வை. சுரங்கத்தைச் சொல்வதென்றால் காற்புள்ளி காப்பாற்றாது, வாக்கியத்தையே பிரித்து எழுது.

அதே கட்டுரையில் வேண்டாத இடத்திலும் காற்புள்ளி விழுந்திருக்கிறது. 'அப்பாவும், அண்ணனும், மாமாவும் சுரங்கத்தில் இறங்கினார்கள்' என்று எதற்கு? 'உம்' வந்து மூன்று பேரையும் சேர்த்துவிட்டதே. 'அப்பா, அண்ணன், மாமா ஆகியோர்' என்று எழுதும்போதுதான் அது வேண்டும். இங்கிலீஷில் போடுகிறார்கள் என்பதற்காக நாமும் போடக் கூடாது.

அடுத்தது நீ கேட்ட சிறுகோடு. சிவனசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்த ஆண்டை முதல் பக்கத்தில் '1902-ல்' என்றும், அடுத்த பக்கத்தில் '1902இல்' என்றும், படக்குறிப்பில் '1902ல்' என்றும் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு வழக்கம் உண்டு, எதையும் தப்பென்று சொல்ல மாட்டேன். ஒரே இதழில் மூன்றும் வருவதுதான் தப்பு. என்னைக் கேட்டால் '1902இல்' என்பேன். குறுகலான பத்தியில் '1902-' என்று வரி முடிந்து, 'ல்' அடுத்த வரியின் தலையில் அநாதையாக நிற்கும் ஆபத்து அதில் இல்லை.

புள்ளி வைத்த எழுத்து வரியைத் தொடங்கவே கூடாது, அதை மறக்காதே. தமிழில் வரி முடிவில் சொல்லை உடைக்கச் சிறுகோடு தேவையில்லை என்பதால் எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம் என்று ஆகிவிடாது. 'தங்க' ஒரு வரியிலும் 'வயல்' அடுத்த வரியிலும் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 'தங்கவய' என்று நிறுத்தி, கீழே 'ல்' போட்டால் படிக்கிறவர் தடுக்கி விழுவார். நான் இங்கே அச்சகத்தில் புரூப் பார்த்த நாளில் அப்படி ஒரு 'ல்' விழுந்தால் சுழித்துக் காட்டுவேன். கம்போசிட்டர் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே அந்த வரியின் ஸ்பேஸ்களை எடுத்துவிட்டு மெல்லியதாகப் போட்டு, அந்த எழுத்தை மேலே இழுத்துவிடுவார். இப்போது உனக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆனாலும் கண்தான் பார்க்கணும். 'ஜி.' என்ற முதலெழுத்து ஒரு வரியிலும் 'அப்பாதுரையார்' அடுத்த வரியிலும் போகாமல் பார்த்துக்கொள். 'கே.ஜி.எஃப்.இல்' என்று புள்ளிக்குப் பின் வேற்றுமை உருபு தொங்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை. 'தங்கவயலில்' என்று எழுதிவிட்டால் தொல்லையே இல்லை.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், யாருக்காக இந்தக் குறிகள் என்பதை நீ மறந்துவிடக் கூடாது. ஓலைச்சுவடியில் காற்புள்ளி போன்ற குறிகள் இல்லை, மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். பக்கத்தில் சொல்லிக்கொடுக்க வாத்தியார் இருந்தார். அச்சு வந்து, தனியாகப் படிக்கிறவர்கள் பெருகியபோதுதான் குறிகள் தேவைப்பட்டன. ஆறுமுக நாவலர் தன் உரைநடையில் அவற்றைக் கவனமாகப் பயன்படுத்தினார். நம் ஊரையே எடுத்துக்கொள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் பிறகு 'தமிழன்' ஆயிற்று. 1914இல் அவர் மறைந்தார். 1926இல் ஜி. அப்பாதுரையார் அதை நம் ஊரிலிருந்தே மறுபடி நடத்தினார். பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்டது. ஷிப்ட் முடிந்து மேலே வந்து, எழுத்துக் கூட்டிப் படித்த மனிதர்களின் ஊர் இது. நம் அப்பாவும் லைன் வீட்டுத் திண்ணையில் பேப்பரை உரக்கப் படிப்பாரே. ஓரிடத்தில் திணறிவிட்டு வாக்கியத்தை மறுபடி தொடங்குவார். குறை அவருடையது என்றுதான் அவர் நினைத்தார். எழுதியவரும் திருத்தியவரும் சரியாகச் செய்திருந்தால் அவர் திணறியிருக்க மாட்டார். அதனால் சந்தேகம் வந்தால் வாய்விட்டுப் படி. நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியத்தைச் சரிசெய்.

இன்னொன்று. இனிமேல் யாரோடும் மல்லுக்கு நிற்காதே. எண்ணுக்குப் பின் உருபு, முதலெழுத்து, காற்புள்ளி, மேற்கோள் குறி, வரி உடைப்பு எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் போடு. மற்றவர்கள் சொல்வதில் நியாயம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள். எல்லோரும் ஒப்புக்கொண்டதைச் சுவரில் ஒட்டிவிட்டால் பிறகு சண்டைக்கு இடமில்லை. எனக்கும் ஒரு படி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். பொங்கலுக்குக் கட்டாயம் லீவு சொல்லிவிடு, அம்மா இப்போதே நாள் எண்ணுகிறாள்.

அன்புடன்,
அக்கா