கீரைக்கார ஆஜியும் அப்பாவின் டார்ச் லைட்டும்

நாக்பூருக்கு மாற்றலாகி வந்த புதிதில் நான் கற்றுக்கொண்ட முதல் மராத்திச் சொல் 'ஆஜி'. பாட்டி என்று அர்த்தம். கவுண்டருக்கு வரும் வயதான அம்மாக்களை எல்லாம் 'மேடம்' என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். 'ஆஜி' என்றால் நின்று, உட்கார்ந்து, மருமகள் கதை வரை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். இந்தப் பதிவு அப்படி ஒரு ஆஜியைப் பற்றியது. கொஞ்சம் என் அப்பாவைப் பற்றியும். அதை எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

2020 செப்டம்பர். முகக்கவசம், கண்ணாடித் தடுப்பு, கிளைக்குள் ஒரு நேரத்தில் ஐந்து பேர்தான் என்றிருந்த காலம். அந்த ஜூன் மாதம்தான் மத்திய அரசு தெருவோர வியாபாரிகளுக்கு ஸ்வநிதி என்ற கடன் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. 10,000 ரூபாய், ஈடு கிடையாது, பன்னிரண்டு தவணை. ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதத்தை அரசே திருப்பித் தரும். அடைத்து முடித்தால் அடுத்து 20,000, அதற்கப்புறம் 50,000. மார்ச் 24-க்கு முன்னால் தெருவில் வியாபாரம் செய்தவர் என்பதற்கு மாநகராட்சிச் சான்று இருந்தால் போதும். எங்களுக்கோ தினமும் காலையில் வீடியோ மீட்டிங். எத்தனை சாங்ஷன், எத்தனை பட்டுவாடா, ஏன் இன்னும் இத்தனை பென்டிங் என்று ஒரே பாட்டு.

அந்த நெருக்கடியில்தான் ஆஜி வந்தார். ஆதாரில் வயது 67. பார்த்தால் கூடவே தெரியும். காட்டன் மார்க்கெட்டில் விடிகாலையில் மொத்தமாகக் கீரை எடுத்து, எங்கள் கிளைக்கு நாலு தெரு தள்ளி ஒரு மரத்தடியில் சாக்கு விரித்து விற்பவர். வெந்தயக் கீரை, பாலக், அம்பாடி (நம்ம புளிச்சகீரைதான், ஆந்திராக்காரர்கள் கோங்குரா என்பார்கள்). ஊரடங்கில் கையிலிருந்த முதல் எல்லாம் சாப்பாட்டுக்கே போய்விட்டது. மறுபடி கடை போட ஒருத்தரிடம் தண்டல் வாங்கியிருந்தார். காலையில் 900 கொடுத்து மாலையில் 1000 வாங்கிக்கொள்ளும் ரகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பி.காம் படித்தவனுக்குத் தலை சுற்றும்.

நான் விண்ணப்பத்தைப் பார்த்தேன், வயதைப் பார்த்தேன். "ஆஜி, பையன் இருக்கானா? அவனைக் கூட்டிட்டு வாங்க, ஒரு கையெழுத்துப் போடட்டும்" என்றேன்.

ஆஜி ஒன்றும் சொல்லவில்லை. காகிதங்களைப் பாலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பக்கத்து மேஜையில் ஒரு இளம் அதிகாரி, அமராவதிப் பெண், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. "சார், இந்தத் திட்டத்துக்கு ஜாமீன்தாரர் வேண்டாமே, கேரண்டி கவர் இருக்கே. வயசுக்கும் மேல்வரம்பு எதுவும் போடலையே" என்றாள். சட்டென்று எனக்குக் கோபம்தான் வந்தது. பதினைந்து வருடப் பழக்கம். அறுபது தாண்டினால் கூட ஒரு இளம் கையெழுத்து வேண்டும் என்று கை தானாகக் கேட்கிறது. சர்க்குலரை எடுத்து மறுபடி படித்தேன். அவள் சொன்னதுதான் சரி.

எங்கள் மேஜையில் இருக்கும் திட்டங்களுக்கெல்லாம் ஒரு வயது உண்டு. அடல் பென்ஷனில் சேர 40 வரை. ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேர 50 வரை. விபத்துக் காப்பீடு 70 வரை. கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டம் என்று பார்த்தால் அடிப்படையில் 15 முதல் 35 வரை, பெண்களுக்கும் வேறு சிலருக்கும் மட்டும் 45 வரை. அரசாங்கம் மனிதனை வேலை செய்கிறவனாகப் பார்ப்பது ஒரு வயது வரைக்கும்தான். அதற்கப்புறம் அவன் 'பயனாளி'. ஆனால் பயனாளிக்குக் கிடைப்பது எவ்வளவு? மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியம் 1995 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபோது மாதம் 75 ரூபாய். பிறகு 200 ஆனது. இன்றும் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு அதே 200 தான். எண்பதைத் தொட்டால் 500. மிச்சத்தை மாநிலங்கள் அவரவர் வசதிப்படி சேர்த்துக் கொடுக்கின்றன.

மகாராஷ்டிரத்தில் இதற்கு ஷ்ராவண்பாள் திட்டம் என்று பெயர். கண் தெரியாத தாய் தந்தையைக் காவடியில் சுமந்த சிரவணன் பெயர்தான். நம்ம ஆஜிக்கும் அது வந்துகொண்டிருந்தது. அப்போது மாதம் 1000, 2023-லிருந்து 1500. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 65 வயது ஆகியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 21,000-க்குள் இருக்க வேண்டும். மாதத்துக்கு வகுத்தால் 1,750. ஒரு நாளைக்கு 58 ரூபாய். நாள் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்து கீரை விற்கிறவர் 58 ரூபாய்தான் சம்பாதிக்கிறார் என்றால் அவர் கடனை எப்படி அடைப்பார்? அதற்கு மேல் சம்பாதிக்கிறார் என்றால் ஓய்வூதியம் எப்படி வாங்குகிறார்? ஒரே ஆள், தாசில்தார் ஆபீஸில் ஒரு காகிதம், வங்கியில் இன்னொரு காகிதம். ஒரு கை 'நீ வேலை செய், கடன் தருகிறேன்' என்கிறது. இன்னொரு கை 'வேலை செய்தால் இது கிடையாது' என்கிறது. இரண்டு கையும் ஒரே அரசாங்கத்துடையவை. நல்லவேளை, விண்ணப்பத்தில் நான் நிரப்ப வேண்டியிருந்தது விற்பனை. விற்பனை வேறு, வருமானம் வேறு. காமர்ஸ் படித்ததற்கு அன்றைக்கு ஒரு பிரயோஜனம் இருந்தது.

மூன்று வாரம் ஆஜி வரவில்லை. கடைசியில் நானே ஒரு சனிக்கிழமை மரத்தடிக்குப் போனேன். கீரை வாங்குகிற மாதிரி நின்றேன். (வீட்டில் மூன்று நாள் கீரை. மனைவி "என்னங்க, பிராஞ்சுல ஏதாவது டார்கெட்டா?" என்று கேட்டாள்.)

"பையன் எங்க ஆஜி?"

"புனேயில. வருஷம் ரெண்டாச்சு. அவன் கையெழுத்துப் போட்டா பணத்தையும் அவனே வாங்கிட்டுப் போயிடுவான் சாஹேப்." பிறகு கீரைக்கட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "மீ ஃபேடீன்" என்றார். நான் அடைப்பேன் என்று அர்த்தம். அவ்வளவுதான் சொன்னார்.

திங்கள்கிழமை வரச் சொன்னேன். விரல்ரேகை விழவில்லை. ஐம்பது வருடமாக ஈரக்கீரையும் சணல் கயிறும் பிடித்த விரல். ஒவ்வொரு விரலாகத் துடைத்துத் துடைத்து, கடைசியில் இடது கை மோதிர விரலில் விழுந்தது. பத்தாயிரம் கணக்கில் ஏறியது.

நிற்க. இப்போது அப்பா.

அப்பா கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் மேஸ்திரி. 2003-இல் மில் மூடியது. அப்பாவுக்கு அப்போது 55. எனக்கு வங்கி வேலை கிடைக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பி.எஃப். பென்ஷன் 58-இல் ஆரம்பித்தது. மாதம் 760 ரூபாய். நடுவில் ஒரு தீப்பெட்டி குடோனில் இரவுக் காவலுக்குப் போனார். சாயங்காலம் ஆறு மணிக்கு டார்ச் லைட், ஒரு தூக்குச்சட்டி, மப்ளர். தீப்பெட்டி குடோன் என்பதால் பீடியைக்கூட விட்டுவிட்டார். 'அந்த ஒரு நல்லது நடந்துச்சு' என்று அம்மா சொல்லுவாள்.

எனக்கு வேலை கிடைத்த பிறகும் அவர் போய்க்கொண்டிருந்தார். 2009-இல் எனக்குத் திருநெல்வேலியில் பெண் பார்த்தோம். பேச்சு வந்தபோது "அப்பா ரிட்டயர்டு" என்று சொன்னேன். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையைத் தடவிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரியும் குடோனுக்குப் போனார்.

2011-இல் நான் போனில் சத்தம் போட்டேன். பேங்க் ஆபீஸர் அப்பா வாட்ச்மேன் வேலை பார்க்கிறார் என்று ஊரில் பேசுகிறார்கள், எனக்கு அசிங்கமாக இருக்கிறது, மாதா மாதம் நான் அனுப்புகிற பணம் போதாதா என்று. "பணம் போதும்யா. சும்மா உக்காந்திருந்தா ராத்திரி நீளமா இருக்கு" என்றார். நான் விடவில்லை. அடுத்த மாதம் நின்றுவிட்டார்.

அதற்கப்புறம் அவர் எப்படி இருந்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. 2014 செப்டம்பரில் பி.எஃப். பென்ஷனுக்குக் குறைந்தபட்சம் 1000 என்று அரசு நிர்ணயித்தபோது, அவராகவே போன் செய்தார். அவர் போன் செய்வதே அபூர்வம். "இனிமே ஆயிரம் வருதுடா" என்றார். 240 ரூபாய் கூடியதற்கு அவ்வளவு சந்தோஷம். நான் அப்போது ஆடிட் வேலையில் இருந்தேன். "சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். 2017-இல் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் அம்மா சொன்னாள்: "வேலையை விட்ட பொறவும் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு டார்ச்ச எடுத்துக்கிட்டு வீட்டைச் சுத்தி ஒரு ரவுண்டு வருவாக. நான் கேட்டா கொசு கடிக்குதும்பாக."

தங்கை மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார். அவர்கள் ஊர் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் ஒரு வயதான அம்மாவைப் பற்றி ஒருமுறை சொன்னார். அந்தச் சம்பளம் மத்திய அரசு நிதியிலிருந்து வருகிறதாம். தேடிப் படித்தேன். 1965-இல் தொடங்கிய திட்டம். 55 வயதுக்கு மேல், குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 125 சதவீதத்துக்குள் இருப்பவர்களை நூலகம், பள்ளி, தொண்டு நிறுவனம் என்று வாரத்துக்கு சராசரியாக 20 மணி நேரம் வேலைக்கு அமர்த்தி, குறைந்தபட்சக் கூலி கொடுத்து, பழக்கி, வெளி வேலைக்கு அனுப்புகிறார்கள். ஒருவருக்குப் பொதுவாக மொத்தம் நான்கு வருடம். அங்கேயும் ஒவ்வொரு வருடமும் நிதிக்கு இழுபறி உண்டு. ஆனால் ஏழையாக இருப்பதும் வேலை தேடுவதும் அங்கே ஒரே காகிதத்தில் இருக்கிறது. 'ஏழை என்றால் வா, வேலை தருகிறேன்' என்கிறது. நம் ஷ்ராவண்பாளுக்கு நேர் எதிர்.

நம் நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே அறுபது தாண்டியவர்கள் பத்துக் கோடிக்கு மேல். 2021 அக்டோபர் 1, முதியோர் தினத்தன்று, சமூக நீதி அமைச்சகம் மூத்தோருக்கென்று 'சேக்ரெட்' என்ற வேலைவாய்ப்பு இணையதளம் தொடங்கியது. படிப்பு, முன் அனுபவம், திறமை, விருப்பம் எல்லாம் பதிந்தால் வேலை கொடுப்பவர்களோடு பொருத்திப் பார்க்கும். எங்கள் அபார்ட்மெண்டில் இருந்த காவல்காரக் காகாவுக்கு 63 வயது. ஏஜென்ஸி மாறியபோது வயது காரணமாக நிறுத்திவிட்டார்கள். நான்தான் 2022-இல் அவரை உட்காரவைத்துப் பதிந்தேன். ஏழாம் வகுப்பு, காவல் வேலை பதினோரு வருடம் என்று எழுதிக்கொண்டே வந்து, "காகா, உங்களுக்கு வேற என்ன திறமை?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "ராத் கோ ஜாக்னா ஆத்தா ஹை" என்றார். ராத்திரி விழித்திருக்கத் தெரியும்.

நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

காகாவுக்கு எதிர்த்தெரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. பகல் வேலை.

ஆஜி முதல் கடனைப் பதினொன்றே மாதத்தில் அடைத்தார். இரண்டாவதில் ஒரு தள்ளுவண்டி வாங்கினார். வண்டியில் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. ஆனால் பெட்டி சத்தம் போட்டுச் சொன்ன பிறகுதான் கொத்தமல்லியைக் கொடுப்பார், அதற்கு முன்னால் கையை எடுக்க மாட்டார். நடுவில் நான் மண்டல அலுவலகம் போய், திரும்பவும் நாக்பூரிலேயே இன்னொரு கிளைக்கு வந்துவிட்டேன். 2025 ஆகஸ்டில் இந்தத் திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்து, முதல் கடனை 15,000 என்றும் இரண்டாவதை 25,000 என்றும் உயர்த்தினார்கள். அதைக் கேள்விப்பட்டு, மூன்றாவது 50,000-க்கு ஆஜி என்னைத் தேடிக்கொண்டு இந்தக் கிளைக்கே வந்துவிட்டார். இரண்டு ஆட்டோ மாறி. வயது 72.

படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, "இந்தத் தடவையும் பையன் கையெழுத்து கேப்பியா?" என்றார். சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு திடீரென்று, "உன் பாபா என்ன வேலை பார்த்தாரு?" என்று கேட்டார்.

அந்த அமராவதிப் பெண் இப்போது இதே கிளையில் என் மேலதிகாரி. பக்கத்துக் கண்ணாடி அறையில்தான் இருந்தாள், கதவு திறந்திருந்தது. க்யூவில் நாலைந்து பேர்.

"மில்லுல மேஸ்திரி ஆஜி. அதுக்கப்புறம் எட்டு வருஷம் ராத்திரி வாட்ச்மேன்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, இடது கை மோதிர விரலைச் சேலையில் துடைத்து நீட்டினார்.